காலியாக இருந்த ஏழாவது துளை

எங்கள் வீட்டில் வைஃபை செல்லாது. கரமனையில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் ஒழுங்காகச் செல்லாது. வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அறைகள்; நடுவே முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர்கள். கட்டினவர்கள் மழையையும் இடியையும் நினைத்துக் கட்டினார்கள், என் பிழைப்பை நினைத்துக் கட்டவில்லை. முன் அறையில் ரவுட்டர் வைத்தால் சமையலறையில் கைபேசி கையை விரித்துவிடும். அதனால் வீடு நெடுக ஒயர் இழுத்து, நடு அறையில் மின்சார மீட்டருக்குக் கீழே ஒரு பலகை அடித்து, அதன் மேல் ஒரு நெட்வொர்க் சுவிட்சை உட்காரவைத்தேன். முன்பக்கம் எட்டுத் துளைகளும், ரவுட்டரிலிருந்து வரும் ஒயருக்கென்று ஓரமாகத் தனியே ஒரு துளையும் உள்ள சின்னப் பெட்டி.

எனக்கு அதுதான் தொழில். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க் பிரிவில் இருக்கிறேன். ஆள் உயரத்துக்கு சுவிட்சுகள் அடுக்கிய குளிர் அறையில் எந்த ஒயர் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பது என் வேலை. அங்கே கோளாறு வந்தால் நாலு பேர் ஓடி வருவார்கள், ரிப்போர்ட் எழுதுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். என் வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய கோளாறு அங்கே நடக்கவில்லை, மீட்டருக்குக் கீழே இருந்த இந்தப் பெட்டியில் நடந்தது. அதற்கு நான் ரிப்போர்ட் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு வீட்டில் அவரும் கல்யாணமாகாத மகள் நானும் மட்டும். நான் காலையில் பஸ் ஏறினால் அவர் பகல் முழுக்கத் தனி. வழுக்கி விழுந்துவிட்டால் யார் பார்ப்பது? அதனால் முன் அறையில் ஒரு காமெராவும் கொல்லைக் கதவில் ஒரு காமெராவும் மாட்டினேன். அப்பாவுக்குக் கோபம்.

"என்னைக் கள்ளன்னு நெனைச்சயா?" என்றார்.

"கள்ளன் வந்தாப் பிடிக்கறதுக்காக்கும்," என்றேன். அதை அவர் நம்பவில்லை. ஆனால் காமெராவைவிட அந்தப் பெட்டி அவரை இழுத்துவிட்டது. மறுநாளே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் முன் போய் நின்றுவிட்டார்.

"இத்தனை ஓட்டையும் என்னாக்கும்?"

"ஒவ்வொண்ணும் ஒரு ஸீட்டுன்னு வெச்சுக்கோங்கோ அப்பா. ஒண்ணாவதுல முன் அறைக் காமெரா. ரெண்டுல கொல்லைக் காமெரா. அஞ்சுல படத்தையெல்லாம் பிடிச்சு வெக்கற ரெக்கார்டர். ஆறு என்னோட லேப்டாப்புக்கு. எட்டுல டிவி. மூணும் நாலும் ஏழும் காலி."

"யாருக்கு வந்த கடுதாசின்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

ஆபீஸில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள்கூட இவ்வளவு சரியான கேள்வியை முதல் நாளில் கேட்டதில்லை. ஒவ்வொரு சாதனத்துக்கும் பிறவியிலேயே ஒரு முகவரி எண் உண்டு, எந்த ஸீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இந்தப் பெட்டி பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளும், அந்த ஸீட்டுக்கு வந்ததை அங்கே மட்டும் கொடுக்கும் என்று சொன்னேன். எல்லாருக்கும் பொதுவானது வந்தால், வந்த வழியை விட்டுவிட்டு மற்ற எல்லா ஸீட்டுக்கும் ஒவ்வொரு பிரதி போடும்.

"சர்க்குலர்," என்றார் அப்பா.

"அதேதான்."

முதல் நாலு துளைகளில் மின்சாரமும் சேர்ந்தே போகும், காமெராவுக்குத் தனியாகக் கரண்ட் ஒயர் வேண்டாம் என்றதும் அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "அப்போ சாதமும் தபாலும் ஒரே கூடையில போறது," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு வீட்டில் தபால் செக்‌ஷன் என்று பெயர். தினமும் காலையில் துணியால் துடைப்பார். நான் துடைக்கப் போனால் தடுப்பார்.

எனக்கும் அப்பாவுக்கும் நடுவே பேச்சு என்று பெரிதாக எப்போதும் இருந்ததில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அவருக்கு என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அம்மாவிடம் சொல்வார், அம்மா என்னிடம் சொல்வாள், என் பதிலும் அதே வழியில் திரும்பிப் போகும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். அம்மா போன பிறகு எங்களுக்குள் மிச்சம் இருந்தது சாதத்தைப் பற்றின கேள்வி ஒன்றுதான். நான் சாயங்காலம் உள்ளே நுழைந்ததும், "சாதம் வடிக்கணுமா?" என்பேன். சமையல் அவர் முறையாக இருக்கும் நாளில் நான், "சாதம் வடிச்சாச்சா?" என்பேன், என் முறையில் அவர் கேட்பார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. போனில் பேசலாம் என்றால் அவருக்குப் போன் ஆகாது. "நன்னா இருக்கேன், வெக்கட்டுமா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் வைத்துவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் காமெராவோடு பேச ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டு வேளையில் கைபேசியில் அவரைப் பார்ப்பது என் வழக்கம். அன்று பார்த்தால் பிரம்பு நாற்காலியைக் காமெராவுக்கு நேரே இழுத்துப் போட்டு, சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதில் மாட்டிக் கேட்டேன். "ரேஷன் கார்டு எங்கே வெச்சேன்னு தெரியலை. நீ பாத்தயோ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் போய் அலமாரியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவர் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அதுவே எங்கள் வீட்டு நடைமுறை ஆகிவிட்டது. மதியம் நான் பார்க்கிற நேரத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்காருவார். முழங்கால் வலிக்கிறது என்பார். சாயங்காலம் மேஜை மேல் தைலம் இருக்கும். நேற்று உன்னிடம் எரிந்து விழுந்தது தப்பு என்பார். ராத்திரி நான் அவருக்குப் பிடித்த மோர்க்குழம்பு வைப்பேன். அம்மாவின் புடவை ஒன்று மடிப்புக் கலையாமல் இருக்கிறது, நீ கட்டிக்கொள்ளக் கூடாதா என்று ஒரு நாள் கேட்டார். மறுநாள் கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். காமெராவில் ஒலிபெருக்கி உண்டு, இங்கிருந்தே நான் பதில் பேசியிருக்க முடியும். ஒரு தடவை பேசினேன், சுவர் பேசுகிறது என்று நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார். அதோடு விட்டுவிட்டேன். அவர் சொல்வார், நான் கேட்பேன், கேட்டதைச் செய்வேன். கேலியாகத் தோன்றலாம். அம்மா இருந்தபோதுகூட அப்பாவின் மனசு எனக்கு அவ்வளவு தெரிந்ததில்லை.

என் பிரிவில் ஒருவர் வேலை பார்த்தார். விழிஞ்ஞத்துக்காரர். அவருடைய அப்பா கடலில் மீன் பிடிக்கப் போனவர். தங்கைகளைக் கட்டிக் கொடுத்து முடிப்பதற்குள் இவருக்குக் கல்யாண வயது தாண்டிவிட்டது. அம்மாவை மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாகத் தூக்கி அலைந்து முடிப்பதற்குள் எனக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர், மீன் இல்லாமல் சோறு இறங்காதவர். அவரிடம் எனக்குப் பிடித்தது, ஒயரைச் சுருட்டும் விதம். யாரும் பார்க்காத இடத்தில் இருக்கிற ஒயரையும் அழகாகச் சுருட்டிக் கட்டுவார்.

பிரிவு முழுக்கப் பொன்முடி மலைக்குச் சுற்றுலா போன ஒரு நாள், வேன் வழியில் கல்லாற்றங்கரையில் நின்றது. மற்றவர்கள் கடையில் பழம்பொரி தின்னப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தோம். அவர் காலைப் பார்த்துக்கொண்டே, "நமுக்கொரு வீடாயாலோ?" என்றார். நாம் இருவரும் ஒரு வீடானால் என்ன என்று இவ்வளவு சின்னதாக ஒருத்தர் கேட்க முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. மங்களூரில் அவருக்கு வேறு வேலை கிடைத்திருந்தது, அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவரே சொன்னார். எனக்கு அன்றே சரி என்று சொல்லத் தோன்றியது. அப்பாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நாற்பது தாண்டினவள், கை நிறையச் சம்பாதிக்கிறவள், அப்பாவிடம் அனுமதி கேட்டு நிற்பானேன் என்று ஆபீஸ் சிநேகிதி சிரித்தாள். அனுமதி கேட்கவில்லை. அவர் வாயால் சரி என்று ஒரு வார்த்தை வர வேண்டும் என்று இருந்தது. அந்த வார்த்தை இல்லாமல் போனால் எங்கே போனாலும் எனக்குச் சோறு இறங்காது, அவருக்கும் இறங்காது. அவர் சரி என்றால் போவேன், இல்லை என்றால் போகமாட்டேன். அவ்வளவுதான்.

இதைக் காமெரா வழியாகச் சொல்ல முடியாது. காலையில் காபியைக் கொடுத்துவிட்டு நேராகவே சொன்னேன். ஊர், மதம், மீன், மங்களூர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அப்பா காபியை ஆற்றி, குடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

"பூஜை வரட்டும். யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்பது.

எங்கள் பக்கத்தில் நவராத்திரி அஷ்டமி சாயங்காலம் புஸ்தகங்களைப் பூஜையில் வைப்பார்கள், நவமியன்று தொழில் சாமான்களை வைப்பார்கள். தசமி காலையில் பூஜை எடுக்கும் வரைக்கும் எதையும் தொடக் கூடாது, எழுத்தும் படிப்பும் கிடையாது. என் கருவிப் பெட்டியை அப்பா பட்டுத் துணி போட்டு மூடி வைத்துவிடுவார். சுவிட்சை மட்டும் நிறுத்திக் கழற்றி வைக்க முடியாது, காமெரா நின்றுவிடும். அதனால் அதற்கு இருந்த இடத்திலேயே அலங்காரம்: துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மேலே ஒரு செம்பருத்தி. அதற்கு முந்தின வருஷம் சந்தனம் துளைக்குள் இறங்கி, பல் குத்தும் குச்சியால் நான் நோண்டி எடுத்தேன். "ஓட்டையில மட்டும் படப்டாது அப்பா," என்று சொல்லிவைத்திருந்தேன். இந்தத் தடவை சரியாகத் தலையில் மட்டும் வைத்தார். சொன்னதை அப்படியே கேட்கிற மனிதர். நான் வேறு ஒன்றையும் சொல்லிவைத்திருக்க வேண்டும், அது எனக்குத் தோன்றவில்லை.

என் லேப்டாப்புக்கான சின்ன ஒயர் ஆறாவது துளையில் எப்போதும் சொருகியே இருக்கும். காலையில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போகும்போது மறுமுனை பலகையிலிருந்து சும்மா தொங்கும். அன்று நவமி. எனக்கு டூட்டி, போய்விட்டேன். அப்பா துடைத்து, பொட்டு வைத்து, பூ வைத்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் லட்சணமாக இருக்கிறது, ஒரு ஒயர் மட்டும் தொங்குகிறது. ஆயுள் முழுக்கக் காகிதத்தின் ஓரங்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினவர். பக்கத்திலேயே ஏழாவது துளை காலி. பூஜை நாளும் அதுவுமாக ஒயர் இப்படித் தொங்கலாமா? எடுத்து அதில் சொருகிவிட்டார்.

ஒரே ஒயரின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில் போனால் என்ன ஆகும் என்பதை அப்பாவின் பாஷையிலேயே சொல்கிறேன். ஒரு சர்க்குலர் வருகிறது. வந்த வழி தவிர மற்ற எல்லா ஸீட்டுக்கும் பிரதி போடுகிறார்கள். ஆறாவது ஸீட்டுக்குப் போன பிரதி ஏழாவது ஸீட் வழியாக உள்ளே வருகிறது. புதுத் தபால் என்று நினைத்து அதற்கும் எல்லா ஸீட்டுக்கும் பிரதி போடுகிறார்கள். அது மறுபடியும் திரும்பி வருகிறது. கண்மூடித் திறப்பதற்குள் அறை முழுக்க அந்த ஒரே சர்க்குலர். அதன் அடியில் மற்ற எல்லாரின் கடிதங்களும் புதைந்துவிடும், எதுவும் எங்கும் போய்ச் சேராது. பெரிய சுவிட்சுகள் இதைக் கண்டுபிடித்து அந்த வழியை அடைத்துவிடும். நான் வாங்கிய சின்னப் பெட்டிக்கு அந்த அறிவு கிடையாது.

வெளியிலிருந்து பார்த்தால் கோளாறு என்றே தெரியாது. மற்ற நாளில் ஒன்றிரண்டாக மினுக்குகிற பச்சை விளக்குகள் எல்லாம் சேர்ந்து படபடவென்று மின்னும். பூஜை நாளில் பெட்டிக்கு உற்சாகம் வந்துவிட்டது என்றுதான் அப்பா நினைத்திருப்பார். காமெராவின் விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. தபால் நின்றாலும் சாதம் அதே கூடையில் போய்க்கொண்டிருந்ததே.

மதியம் நான் பார்த்தபோது காமெரா தொடர்பில் இல்லை என்று வந்தது. துலாமாத மழை, இடி. லைன் போயிருக்கும் என்று நினைத்தேன். போன் செய்தேன். "நன்னா இருக்கேன். சாப்பிட்டாச்சு. வெக்கட்டுமா?" என்று வைத்துவிட்டார். குரலில் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வந்தபோது அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். நடு அறையில் நுழைந்ததுமே விளக்குகளைப் பார்த்தேன். விஷயம் அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஏழாவது துளையிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். படபடப்பு அடங்கி, விளக்குகள் பழையபடி ஒன்றிரண்டாக மினுக்கத் தொடங்கின. கருவி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, இரண்டு விரல் போதும்.

அப்பாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அம்மா போன புதிதில் ஒரு தடவை கேஸை மூடாமல் விட்டுவிட்டார், நான் பயத்தில் கத்திவிட்டேன். அதற்குப் பிறகு பல நாள் அவர் சமையலறைப் பக்கமே வரவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட என்னைக் கேட்டுக்கொண்டு வந்தார். அந்த முகத்தை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. இங்கே சந்தனமும் குங்குமமும் செம்பருத்தியுமாக அந்தப் பெட்டி கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆசையாகச் செய்தவரிடம் போய், நீங்கள் செய்ததில் வீடே நின்றுபோனது என்று எப்படிச் சொல்வது? ஒயரைச் சுருட்டி நூலால் கட்டிப் பலகைக்குப் பின்னால் தள்ளினேன். அவர் வந்ததும், "சாதம் வடிக்கணுமா?" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் தசமி. பூஜை எடுத்தாயிற்று. அப்பா பிரசாதத்தைக் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"பின்னே?" என்றார்.

"பின்னே என்ன, ஆபீஸுக்குக் கெளம்பறேன்," என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாலைச் சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வந்து, அவியலும் ஓலனும் அடைப் பிரதமனுமாகத் தானே சமைத்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு மூன்று இலை போட்டார். யாருக்கு மூன்றாவது இலை என்று கேட்டேன். "கெடக்கட்டும்," என்றார். அம்மாவை நினைத்துப் போட்டிருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அடிக்கடி வாசலுக்குப் போய் வந்தார். நேரம் ஆகிக்கொண்டே போனது. கடைசியில், "நீ சாப்பிடு," என்று எனக்குப் பரிமாறிவிட்டு, அந்த மூன்றாவது இலையைத் தானே மடித்து எடுத்தார்.

அதற்குப் பிறகும் பதில் வரவில்லை. மதியங்களில் காமெரா முன் வருவதும் குறைந்துபோனது. வந்தாலும் மின்சாரக் கட்டணம், பால்காரர் என்று இரண்டு வார்த்தை. சொல்லாமல் இருப்பதுதான் அவர் சொல்லும் பதில் என்று முடிவு கட்டினேன். வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லி என்னை நோகடிக்காமல் இருக்கிறார் என்று அவருக்கு நன்றிகூடச் சொல்லிக்கொண்டேன்.

மங்களூர் ரயில் கிளம்புவதற்கு முன்னால் தம்பானூரில், பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் அந்த விழிஞ்ஞத்துக்காரரைப் பார்த்தேன். பெட்டி ஒன்றும் தோள்பை ஒன்றும் வைத்திருந்தார்.

"அச்சன் எந்து பறஞ்ஞு?" அப்பா என்ன சொன்னார் என்று கேட்டார்.

"ஒண்ணும் பறஞ்ஞில்ல," என்றேன்.

"ஒண்ணும் பறயாதிருந்நா அதொரு மறுபடியாணோ?"

ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் ஒரு பதிலா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் ஆமாம் என்றேன். இன்னொரு தடவை கேட்டுப் பார் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கௌரவமான மனிதர், வற்புறுத்தவில்லை. டீயை முழுக்கக் குடித்துவிட்டு, என் டம்ளரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அடுத்த வருஷம் அவருக்கு அங்கேயே கல்யாணம் ஆனது என்று ஆபீஸில் சொன்னார்கள்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஓடிவிட்டன. போன பூஜைக்கு எனக்கு லீவு. நவமி காலை. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து சுவிட்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். சந்தனக் கிண்ணத்தை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பார்த்துக்கொண்டே திடீரென்று கேட்டார்.

"அன்னிக்கு நானும் மங்களூருக்கு வரேன்னது உனக்குப் பிடிக்கலையோ?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "என்னிக்கு அப்பா?"

"அந்த வருஷம் பூஜை அன்னிக்கு. காமெராகிட்டச் சொன்னேனே. ஞாயித்துக்கெழமை சாப்பிட வரச் சொல்லு, மீன் மட்டும் நம்மாத்துல முடியாது, பொறுத்துக்கச் சொல்லுன்னேன். மங்களூர்ல எனக்கு ஒரு சின்ன ரூம் மதி, அது போறும்னேன். நீ ஒண்ணும் சொல்லலை. அந்த மனுஷனும் வரலை. கெழவனையும் கட்டி இழுக்கணுமேன்னு ரெண்டு பேருக்கும் தோணியிருக்கும். அதான் கல்யாணமே வேண்டாம்னுட்டே. நான் வாயை மூடிண்டு இருந்திருக்கணும், கேட்டயா."

கிண்ணம் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. மூன்றாவது இலை, இஸ்திரிச் சட்டை, வாசலுக்கு நடந்த நடை எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. அவர் சரி என்று சொல்லியிருக்கிறார். சட்டை போட்டுக்கொண்டு, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்து, முழுசாகச் சொல்லியிருக்கிறார். ரெக்கார்டரில்கூட அது இல்லை. அதற்கும் வழி அந்தப் பெட்டிதான். அவரை நோகடிக்கக் கூடாது என்று நான் பிடுங்கிச் சுருட்டி மறைத்த ஒரு ஒயருக்காக, இத்தனை வருஷமாக அவர் தன்னைப் பாரம் என்று நினைத்துக்கொண்டு என் கையால் சாப்பிட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

உண்மையைச் சொன்னால், சொருகியது தன் விரல் என்று அவருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் பாரம் என்ற நினைப்போடு போய்ச் சேருவார். இரண்டில் எதைச் செய்வது என்று யோசிக்கக்கூட நேரம் இல்லை, அவர் என் பதிலுக்குக் காத்திருந்தார். பாதியைச் சொன்னேன்.

"அன்னிக்கு இடி இடிச்சுதே அப்பா. லைன் போயிடுத்து. நீங்கோ சொன்னது எனக்கு வந்து சேரலை. நான் அவரைக் கூப்பிடவே இல்லை. அவர் மேல ஒரு தப்பும் இல்லை. நீங்கோ வேண்டாம்னு நெனைக்கறேள்னு நான் நெனைச்சேன்."

அப்பாவுக்கு அது உள்ளே போக நேரம் பிடித்தது. திறந்திருந்த கதவு வழியாக முன் அறைக் காமெராவை அண்ணாந்து பார்த்தார், பிறகு சுவிட்சைப் பார்த்தார்.

"லைட்டு எரிஞ்சுதே," என்றார்.

"எரிஞ்சுது அப்பா."

"அதைப் பாத்துண்டுதானே சொன்னேன்."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவர் மெதுவாக எழுந்து முன் அறைக்குப் போனார். காமெராவுக்கு நேரே கிடந்த பிரம்பு நாற்காலியை இரண்டு கையாலும் இழுத்து, நான் நின்றுகொண்டிருந்த பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி இரண்டு மூன்று தடவை தொண்டையைச் செருமினார். நானும் எதையாவது சொல்ல வேண்டும் என்று தேடிப் பார்த்தேன்.

"சாதம் வடிச்சாச்சா?" என்றார் அப்பா.

"வடிச்சாச்சு அப்பா," என்றேன்.